ஷேன் வில்லியம்ஸ்: உயரம் 1.70 மீட்டர், வேல்ஸுக்கு 58 ட்ரை. கால் வேகம் மட்டும்தான் காரணமா?

ஸ்வான்சீ மழை

இந்த மன்றத்தில் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் அலசாத நாளில்லை. ரக்பிக்கு மட்டும் ஓர் இழைகூட இல்லாதது எனக்கு நெடுநாள் குறை. வேல்ஸில் பல வருஷமாக இருக்கிறேன். இந்த ஊரில் ரக்பி பேசாமல் ஒரு கடைக்குள் போய்த் திரும்ப முடியாது. ஆகவே எனக்கு மிகப் பிடித்த ஆளை வைத்தே தொடங்குகிறேன்.

ஷேன் வில்லியம்ஸ். வேல்ஸ் அணியின் விங்கர், 1977 பிப்ரவரியில் பிறந்தவர். ஸ்வான்சீக்கு வடக்கே, நிலக்கரி எடுத்த அம்மான் பள்ளத்தாக்கில் இருக்கும் கிளானமான் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஊர் கிளப் அம்மான் யுனைடெட், அடுத்து நீத், 2003 முதல் ஆஸ்பிரீஸ். வேல்ஸுக்கு 87 டெஸ்டில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) 58 ட்ரை. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் வைப்பதுதான் ட்ரை. பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்காக டெஸ்டில் எடுத்த 2 ட்ரையையும் சேர்த்தால் 60. 2008இல் உலகின் சிறந்த வீரர் விருது. வேல்ஸிலிருந்து அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இதெல்லாம் எங்கும் கிடைக்கிற கணக்கு. நான் பேச நினைப்பது வேறு. அவரைப் பற்றி யார் எழுதினாலும் "துள்ளல் கால்கள்", "மின்னல் வேகம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வேகமான ஆட்கள் எல்லா அணியிலும் இருந்தார்கள், அவர்களில் மிகச் சிலரே 60 ட்ரையைத் தொட்டார்கள். தனக்குப் பந்து வரும் என்று ஓரத்தில் காத்து நிற்காமல், பந்து இருக்கும் இடத்துக்கு அவரே போனார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம், சண்டைக்குத் தயார்.

தேனிக்காரன்

அண்ணா, ரக்பியில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் படிக்க ஆசையாக இருக்கிறது. விங்கர் என்றால் கால்பந்து விங்கர் மாதிரியா? 87 ஆட்டத்தில் 58 என்பது பெரிய விஷயமா? கால்பந்து கணக்கில் பார்த்தால் ஓரளவு நல்ல ஸ்ட்ரைக்கர் மாதிரிதான் தெரிகிறது.

கண்டிக்காரன்

தம்பி, நான் சொல்லுகிறேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூட றக்பி என்றால் திருவிழா. நானும் விங்கர்தான், 14ஆம் நம்பர்.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். முதல் எட்டுப் பேர் முன்வரிசை, ஃபார்வர்ட்ஸ். இரண்டு அணியும் பிணைந்து நிற்கும் ஸ்க்ரம்மில் தள்ளுவது, வெளியே போன பந்தை உள்ளே எறியும் லைன் அவுட்டில் பாய்வது, பந்தை மண்ணில் கிடந்து பிடுங்குவது அவர்கள் வேலை. மற்ற ஏழு பேர் பின்வரிசை. அந்த ஏழில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் 11, 14. அவர்கள்தான் விங்கர்கள். திடலின் அகலம் 70 மீற்றர் வரை போகும். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டில் அல்லது பின்னால்தான் கொடுக்கலாம். அதனால் பந்து கைமாறிக் கைமாறி ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் எதிரணியும் ஓடி வந்துவிடும். விங்கருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அறை அகலம். ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, அதைத் தொட்டால் கதை முடிந்தது. மறுபக்கம் உன்னை விழுத்த வருகிறவன்.

சில ஆட்டத்தில் எண்பது நிமிடத்திலும் நல்ல பந்து இரண்டு தரம்தான் வரும். வராத ஆட்டமும் உண்டு. அதை நினைத்துப் பார்த்தால் 87க்கு 58 எவ்வளவு பெரிய கணக்கு என்று விளங்கும். வேல்ஸிலேயே பார். எண்பது தொண்ணூறுகளின் பெரிய விங்கர் யூவன் எவன்ஸ் 72 ஆட்டத்தில் 33 எடுத்தார். 1970களின் ஜெரால்ட் டேவிஸ், அவர் பெயரைச் சொன்னால் அங்கே வயதானவர்கள் எழுந்து நிற்பார்கள், 46 ஆட்டத்தில் 20.

கறுப்புச் சட்டை

நான் ஆல் பிளாக்ஸ், அதாவது நியூசிலாந்து அணியின் ரசிகன் என்பது பெயரிலேயே தெரியும். ஷேன் நல்ல வீரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று விஷயம்.

முதலாவது, எண்ணிக்கை. ஜப்பான், ருமேனியா போன்ற அணிகளுக்கு எதிராக எடுத்த ட்ரைகளையும் சேர்த்துத்தான் 58. ஜப்பானின் டைசுகே ஓஹாட்டா 69 ட்ரையோடு உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறார். யாராவது அவரை எல்லாக் காலத்துக்கும் சிறந்த விங்கர் என்கிறோமா?

இரண்டாவது, லோமு. நியூசிலாந்து விங்கர் ஜோனா லோமு 63 டெஸ்டில் 37தான். ஆனால் 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ட்ரை எடுத்து, விங்கர் என்ற சொல்லுக்கே புது அர்த்தம் கொடுத்தவர். 1.96 மீட்டர், 118 கிலோவுக்கு மேல். அதுவும் சிறுநீரக நோயைச் சுமந்துகொண்டு ஆடிய காலம்.

மூன்றாவது, தடுப்பு. எதிரணிக்கு ஷேன் நிற்கிற பக்கம் ஒரு வாசல். உயரமாக உதைத்து அவர் தலைக்கு மேல் பந்தைப் போடலாம், அல்லது கனமான ஆளை நேரே அவர்மேல் ஓடவிடலாம்.

ஸ்வான்சீ மழை

> ஜப்பான், ருமேனியா போன்ற அணிகளுக்கு எதிராக எடுத்த ட்ரைகளையும் சேர்த்துத்தான் 58

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சிக்ஸ் நேஷன்ஸ், ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் ஆடும் தொடர். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலி, இவர்களுக்கு எதிராக மட்டும் அவர் எடுத்தது 22. 2008 ஜூனில் வேல்ஸ் தென்னாப்பிரிக்கா போனது. தென்னாப்பிரிக்கா அப்போது உலக சாம்பியன். இரண்டு டெஸ்டிலும் வேல்ஸ் தோற்றது, இரண்டிலும் ஷேன் ட்ரை எடுத்தார். பலவீனமான அணியைப் பார்த்துச் சேர்த்த கணக்கில்லை அது.

லோமுவை நான் குறைத்துப் பேச மாட்டேன். பேசவும் முடியாது. ஆனால் ஷேன் கதையைப் புரிந்துகொள்ள லோமுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். லோமு அந்த நான்கு ட்ரையை எடுத்தது 1995 ஜூனில். அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்பி யூனியன், அதாவது நாம் பேசும் இந்த 15 பேர் ரக்பி, தொழில்முறை ஆட்டமாக மாறியது. சம்பளம் வந்தது, முழுநேரப் பயிற்சி வந்தது, எடை தூக்கும் கூடம் வந்தது. எல்லா நாட்டுப் பயிற்சியாளர்களும் தங்களுக்கு ஒரு லோமு கிடைப்பாரா என்று தேடிய காலம். அந்தச் சந்தையில்தான் 1.70 மீட்டர் உயரத்தோடு இவர் வந்து நிற்கிறார்.

2000 பிப்ரவரியில் பிரான்ஸுக்கு எதிராக மாற்று வீரராக முதல் ஆட்டம். வேல்ஸ் 36–3 என்று நொறுங்கிய நாள். அடுத்து இத்தாலிக்கு எதிராகத் தொடக்க அணியில் இடம், முதல் ட்ரை. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தொடைத் தசைக் காயங்கள் வந்தன. உடம்பைப் பெருக்க வேண்டும், இந்த உருவம் சர்வதேச ஆட்டத்துக்குப் போதாது என்ற பேச்சும் கூடவே வந்தது. அணியில் இடம் போனது. ஒரு வீரனின் இருபத்து மூன்று வயது முதல் இருபத்தாறு வரை, கால்கள் மிகச் சூடாக இருக்கும் காலம், அதில் பெரும்பகுதி வேல்ஸ் சட்டை இல்லாமலே கழிந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறாது. அந்த ஆண்டுகளும் கிடைத்திருந்தால் ஓஹாட்டாவின் 69 எங்கே நின்றிருக்கும்?

கண்டிக்காரன்

உடம்புப் பேச்சு வந்ததால் என் கதை ஒன்றைச் சொல்லுகிறேன். பதினேழு வயதில் நான் 54 கிலோ. பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் எங்கள் ஓட்டப் போட்டி எல்லாவற்றிலும் நான்தான் முதல். முதல் ஆட்டத்துக்குப் பெயர் வாசித்தபோது என் பெயர் இல்லை. "இவனைக் காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று எல்லோர் முன்னாலும் பயிற்சியாளர் சொன்னார். அந்த சீசன் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். அடுத்த வருடம் வேறு ஒருவர் பொறுப்புக்கு வந்தார். அவர் என் கால்களைப் பார்த்தார், தராசைப் பார்க்கவில்லை. அதனால்தான் விளையாடினேன்.

அந்த இரண்டாவது ஆள் சொல்லித் தந்ததை வைத்து ஷேனின் ஸ்டெப்பை, ஓடும்போதே சட்டென்று பக்கம் மாறும் அந்த அடியை, விளக்க முடியும். டாக்கிள் பண்ண, அதாவது பிடித்து விழுத்த, வருகிறவனுக்கு அவர் சொல்லும் பாடம், பந்தைப் பார்க்காதே, கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். ஓடுகிறவன் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அந்தத் துணியை மட்டும் பார் என்பார்.

ஷேன் ஓடுகிற காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நெஞ்சு எல்லாப் பக்கமும் ஆடும், சிவப்புத் துணி கட்டுகிற இடுப்பு நடுவிலேயே நிற்கும். எதிரே வருகிறவனுக்குக் கடைசி நொடி வரை எந்தப் பக்கம் என்று தெரியாது. இன்னொன்று, அடி சின்னது. நீளமான காலோடு ஓடுகிறவன் ஓர் அடி எடுத்து வைத்தால் அந்தக் கால் மண்ணில் படும் வரை அந்தரத்தில் இருக்கிறான். அந்தரத்தில் இருப்பவன் திரும்ப முடியாது. ஷேனுக்கு அதே தூரத்தில் இரண்டு மூன்று அடி. ஒவ்வோர் அடியும் திரும்புவதற்கு ஒரு வாய்ப்பு. பாரமும் தாழ்வில். குட்டையாக இருப்பது குறை என்று சொன்னார்கள். அந்த ஸ்டெப்புக்கு அதுதான் மூலதனம்.

எட்டாம் நம்பர்

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் முன்வரிசை ஆள். இதுவரை பேசியது எல்லாம் விங்கர்களின் பேச்சு. பந்தைச் சேற்றில் கிடந்து எடுத்துக் கொடுத்த எட்டுப் பேரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இருந்தாலும் இழை தொடங்கியவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன், முன்வரிசை ஆள் என்ற முறையில். காரணம் அவருடைய பழைய இடம். ஷேன் சிறுவயதில் விங்கர் இல்லை, ஸ்க்ரம்-ஹாஃப். 9ஆம் நம்பர். ஸ்க்ரம்மின் காலடியிலிருந்து பந்தை எடுத்துப் பின்வரிசைக்குக் கொடுப்பவர். அந்த இடத்தில் ஆடியவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். பந்து எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கே மூக்கை நீட்டுவான். ஆட்களின் குவியலுக்குப் பக்கத்தில், கனமான முன்வரிசைக்காரர்கள் மூச்சிரைக்க நிற்கும் இடத்தில், ஒரு சின்ன இடைவெளி திறப்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

விங்கிலிருந்து உள்ளே வந்து அந்த இடைவெளியில் பந்தைக் கேட்டு வாங்குவார் ஷேன். ஸ்க்ரம்மின் முன்னால் நின்று தள்ளும் 110 கிலோ ப்ராப் ஒருவர் ஐந்து மீட்டர் தூரத்தில் அவரைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், எதிரே வந்தது ஷேன் இல்லை, ஒரு கிளப் விங்கர்தான். கை நீட்டினேன், காற்றைப் பிடித்தேன். அறுபது நிமிடம் தள்ளித் தள்ளிக் கால் கல்லாகிப்போனவனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

ஸ்வான்சீ மழை

எட்டாம் நம்பர் அண்ணா, அந்த ஸ்க்ரம்-ஹாஃப் விஷயம்தான் அவருடைய ஆட்ட வாழ்க்கையையே காப்பாற்றியது. அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன்.

2003 உலகக் கோப்பை, ஆஸ்திரேலியா. வேல்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹான்சன். ஷேனுக்கு விங்கராக இடம் உறுதியில்லை. தேவைப்பட்டால் மூன்றாவது ஸ்க்ரம்-ஹாஃபாகவும் ஆடுவார் என்ற கணக்கில்தான் விமானத்தில் ஏற்றினார்கள். காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றாயிற்று. பிரிவின் கடைசி ஆட்டம் நவம்பர் 2, சிட்னியில், நியூசிலாந்தோடு. பல முக்கிய வீரர்களை ஓய்வில் வைத்து, உட்கார்ந்திருந்தவர்களை இறக்கினார் ஹான்சன். வேல்ஸ் எத்தனை புள்ளியில் தோற்கும் என்பதுதான் எல்லோருக்கும் இருந்த கேள்வி.

அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். ஷேன் பந்தைக் கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் கறுப்புச் சட்டைகள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் குதிகாலில் பின்வாங்குவது தெரியும். யாரும் முன்னால் வந்து பிடிக்கத் துணியவில்லை. ஒரு ட்ரை எடுத்தார். அவர் கலைத்துவிட்ட இடத்தில் மற்றவர்கள் புகுந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் வேல்ஸ் முன்னிலை. கடைசியில் 53–37 என்று நியூசிலாந்து ஜெயித்தது. தோற்ற ஆட்டம்தான். ஆனால் பத்தாண்டுக்கும் மேலாகக் கூனிக் குறுகி ஆடிக்கொண்டிருந்த அணிக்கு அன்றைக்குத்தான் முதுகு நிமிர்ந்தது.

அடுத்த வாரம் பிரிஸ்பேனில் காலிறுதி, இங்கிலாந்தோடு. அந்த உலகக் கோப்பையையே வென்ற இங்கிலாந்து. தங்கள் பக்கத்தில் வந்து விழுந்த பந்தைத் திருப்பி உதைக்காமல் ஓடத் தொடங்கினார் ஷேன். அந்த ஓட்டம் கைமாறிப் போய் ஸ்டீஃபன் ஜோன்ஸின் ட்ரையில் முடிந்தது. வேல்ஸ் மூன்று ட்ரை, இங்கிலாந்து ஒன்று. ஆனாலும் எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கிக்குகளில் இங்கிலாந்து 28–17 என்று தப்பியது. அதற்குப் பிறகு ஷேன் உருவத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாயில்லை.

கறுப்புச் சட்டை

சிட்னி ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. ஷேன் பெயரே தெரியாது, நம்பரை மட்டும் பார்த்து "அவனைப் பிடிங்கடா" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. முதலாவதையும் இரண்டாவதையும் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவதை விட மாட்டேன். தடுப்பைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

எட்டாம் நம்பர்

அதை நான் எடுத்துக்கொள்கிறேன். தடுப்பு என்பது என் துறை.

2007 உலகக் கோப்பையில் நான்ட் நகரில் ஃபிஜியிடம் 38–34 என்று தோற்று வேல்ஸ் வெளியேறியது. ஷேன் அன்றைக்கும் ட்ரை எடுத்தார், பயனில்லை. பயிற்சியாளர் வேலை போனது. வாரன் கேட்லண்ட் வந்தார், தடுப்பைக் கவனிக்க ஷான் எட்வர்ட்ஸைக் கொண்டுவந்தார். எட்வர்ட்ஸ் 13 பேர் ஆடும் இன்னொரு ரக்பியான ரக்பி லீகிலிருந்து வந்தவர். அவருடைய முறை எளிமையாகச் சொன்னால் இதுதான்: எதிரணி கையில் பந்து வந்தவுடன் மொத்த வரிசையும் ஒரே கோடாக முன்னால் பாய வேண்டும். அவன் பந்தைப் பிடித்து நிமிர்வதற்குள் உன் தோள் அவன் விலாவில் இருக்க வேண்டும்.

இது ஷேனுக்கு வரம். ஏன்? பெரிய ஆள் ஆபத்தாவது வேகம் எடுத்த பிறகுதான். ஐந்து அடி எடுத்து ஓடிவந்த 110 கிலோவை யாராலும் நிறுத்த முடியாது. நிற்கிற 110 கிலோவின் கணுக்காலைப் பிடித்தால் 80 கிலோ ஆளும் சாய்த்துவிடலாம். முன்னால் பாயும் தடுப்பில், பெரியவனுக்கு ஓட இடமே கிடைக்காது.

கணக்கு பாருங்கள். 2008 சிக்ஸ் நேஷன்ஸ் ஐந்து ஆட்டத்திலும் 11ஆம் நம்பர் ஷேன். ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து வேல்ஸ் விட்டுக்கொடுத்த ட்ரை இரண்டே இரண்டு. உங்கள் வாசல் எங்கே திறந்திருந்தது?

உயரப் பந்தில் அவர் சில நேரம் தடுமாறினார் என்பதை மறுக்கவில்லை. 1.70 மீட்டர் ஆள் 1.90 மீட்டர் ஆளோடு ஆகாயத்தில் மோதினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் கடைசித் தடுப்பாளராக, ஃபுல்-பேக் லீ பைர்ன் இருந்தார். ரக்பி 15 பேர் ஆட்டம்.

ஸ்வான்சீ மழை

2008ஐத் தொட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தொடரில் ஐந்து ஆட்டத்தில் ஆறு ட்ரை. ஸ்காட்லாந்தோடு இரண்டு, இத்தாலியோடு இரண்டு. டப்ளினில் குரோக் பார்க்கில் அயர்லாந்தோடு 16–12 என்று ஜெயித்த ஆட்டத்தில் வேல்ஸின் ஒரே ட்ரை அவருடையது. அது அவருக்கு நாற்பதாவது, கேரத் தாமஸின் வேல்ஸ் சாதனைக்குச் சமம்.

அடுத்த சனிக்கிழமை கார்டிஃபில் பிரான்ஸ். ஜெயித்தால் ஐந்து ஆட்டத்திலும் வெற்றி, அதாவது கிராண்ட் ஸ்லாம். நடுத்திடலில் பிரான்ஸ் பந்தைத் தவறவிட்டது. ஷேன் குனிந்து எடுக்கவில்லை. காலால் முன்னால் தட்டிவிட்டு ஓடினார், மறுபடி தட்டினார், கோட்டைத் தாண்டிப் பாய்ந்து விழுந்து கையை வைத்தார். நாற்பத்தொன்று. 29–12. ரக்பியா கால்பந்தா என்று ஒரு காலத்தில் இரண்டிலும் கால் வைத்திருந்தவர் அவர். அந்த முட்டைப் பந்து உருண்டு எந்தப் பக்கம் எகிறும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஓடுகிற வேகத்தில் அதை இரண்டு முறை அளந்து தட்டிக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்ததை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

2005 கிராண்ட் ஸ்லாமும் அவர் கையில்தான் தொடங்கியது. முதல் ஆட்டம் கார்டிஃபில் இங்கிலாந்தோடு, இடது மூலையில் அவர் ட்ரை, கடைசி நிமிடங்களில் கேவின் ஹென்சனின் நீண்ட பெனால்டி கிக். 11–9. வேல்ஸுக்கு 1978க்குப் பிறகு 27 ஆண்டு கழித்துக் கிடைத்த கிராண்ட் ஸ்லாம் அது.

தேனிக்காரன்

இரண்டு நாளாகப் பழைய ஆட்டங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2010 ஸ்காட்லாந்து ஆட்டம் மாட்டியது. வேல்ஸ் 24–14 என்று பின்னால் இருந்து, கடைசி நிமிடங்களில் 31–24 என்று முடித்தார்கள். நேரம் முடிந்த பிறகும் பந்து வெளியே போகாததால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது, பந்து இவர் கைக்கு வந்தது, கையை மேலே தூக்கியபடியே ஓடிப்போய் விழுந்தார். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து கத்தினேன், அம்மா எழுந்து வந்து என்னவென்று கேட்டார்.

ஒன்று கவனித்தேன். பந்து தன் கையில் இல்லாதபோதும் அவர் கால் நிற்பதே இல்லை. ஓரத்தில் இருக்கிறார், அடுத்த காட்சியில் நடுவில் இருக்கிறார், அதற்கடுத்து எதிர்ப்பக்கம். அண்ணா முதலில் சொன்னது இதைத்தானே?

இன்னொரு சந்தேகம். லயன்ஸ் என்கிறீர்களே, அது என்ன அணி?

ஸ்வான்சீ மழை

இதையேதான் தம்பி. சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

லயன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து அமைக்கும் அணி. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றுப்பயணம். ஷேன் மூன்றில் போனார். 2005இல் நியூசிலாந்தில் மனவட்டு அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து ட்ரை. 2009இல் தென்னாப்பிரிக்காவில் முதல் இரண்டு டெஸ்டிலும் தொடக்க அணியில் இடமில்லை, இரண்டிலும் லயன்ஸ் தோற்றது. ஜோகன்னஸ்பர்க்கில் மூன்றாவது டெஸ்டில் இறங்கி இரண்டு ட்ரை, 28–9 வெற்றி. 2013இல் ஜப்பானில் மிட்சுபிஷி அணியில் இருந்த 36 வயதுக்காரரை, ஆட்கள் காயம்பட்டதால் கேட்லண்ட் அழைத்து கான்பெராவில் ப்ரம்பீஸ் ஆட்டத்தில் இறக்கினார். அந்த ஆட்டம் தோல்விதான்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்வான்சீயில் லிபர்ட்டி ஸ்டேடியத்தில் ஆஸ்பிரீஸ் ஆட்டங்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு, பெரும்பாலும் மழை. அங்கே இருக்கைகள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். பந்து இடப்பக்கம் போய் 11ஆம் நம்பர் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுவார்கள், டப் டப் டப் என்று அந்த இருக்கைகள் மடங்கும் சத்தம் ஒரு அலை மாதிரி வரும். முதலில் அந்தச் சத்தம், பிறகுதான் ஆரவாரம். எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்த ஒரு வயதான அம்மா, முழங்கால் வலிக்காரர், வேறு எதற்கும் எழ மாட்டார். ஷேனுக்கு எழுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவார்.

2011 டிசம்பர் 3, வேல்ஸுக்காகக் கடைசி ஆட்டம், கார்டிஃபில் ஆஸ்திரேலியாவோடு. தேசிய கீதத்தின்போது கண் கலங்கி நின்றார். ஆட்டம் வேல்ஸ் கையைவிட்டுப் போய்விட்டது. கடைசி ஓட்டம், கடைசிப் பந்து, அவர் கைக்கே வந்தது. ட்ரை. ஐம்பத்தெட்டாவது. 24–18 என்று தோற்றதை ஸ்டேடியத்தில் யாரும் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மே மாதம் டப்ளினில் ஆஸ்பிரீஸுக்கு ப்ரோ 12 என்ற கிளப் தொடரின் இறுதி. எதிரணி லென்ஸ்டர், ஒரு வாரத்துக்கு முன்தான் ஐரோப்பியக் கோப்பையை வென்று வந்தவர்கள், ஆடுவதும் அவர்கள் சொந்தத் திடல். நேரம் முடியப் போகிறது, ஷேன் மூலையில் ட்ரை எடுக்கிறார், அந்த நாளில் அவருக்கு இரண்டாவது. அது மட்டும் போதாது. ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் கன்வர்ஷன் கிக்கை ஓரக்கோட்டிலிருந்து டான் பிகர் கம்பங்களுக்கு உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பினார். 31–30.

கறுப்புச் சட்டை

2011 உலகக் கோப்பை வேல்ஸ் அணியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஒரு விங்கில் ஷேன், மறு விங்கில் பத்தொன்பது வயது ஜார்ஜ் நார்த், 1.94 மீட்டர். 1.70 ஒரு பக்கம், 1.94 மறு பக்கம். எதிரணித் தடுப்புக்கு அதைவிடக் குழப்பம் வேண்டாம். நார்த் 121 ஆட்டம் ஆடி 2024இல் ஓய்வு பெறும்போது வேல்ஸுக்கு 47 ட்ரை. 58 இன்னும் அப்படியே இருக்கிறது.

எட்டாம் நம்பர் சொன்ன இரண்டே ட்ரை கணக்கைச் சரிபார்த்தேன். தடுப்பு விஷயத்தில் நான் சொன்னது 2008க்குப் பொருந்தாது. ஒப்புக்கொள்கிறேன். லோமு மட்டும் எனக்கு லோமுதான்.

கண்டிக்காரன்

லோமு எனக்கும் லோமுதான் ஐயா. அவர் ஓடினால் மண் அதிரும்.

தங்கச்சியின் மகனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் இந்த வருடம்தான் றக்பியில் சேர்ந்திருக்கிறான். வகுப்பிலேயே சின்ன ஆள். போன கிழமை பயிற்சி முடிந்து வந்து, தன்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள், பந்து ஒரு தரம்கூட வரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனைப் பக்கத்தில் இருத்தி அந்த 2003 சிட்னி ஆட்டத்தைப் போடப் போகிறேன். சனிக்கிழமை காலையில் நித்தவெல றக்பித் திடல் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன், சிவப்புத் துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

தேனிக்காரன்

ஐயா, சனிக்கிழமை என்ன ஆனது என்று கட்டாயம் எழுதுங்கள்.